‘சூப்பர்கேர்ள்’ படம் வருவதற்கு முன் மூலக்கதையை வாசித்துவிடலாமா?

கொட்டகலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிறேக் கில்லெஸ்பி இயக்கத்தில் மில்லி அல்கொக் நடிக்கும் ‘சூப்பர்கேர்ள்’ திரைப்படம் 2026 ஜூன் 26 அன்று திரைக்கு வரும் என்று அறிவிக்கப்பட்ட நாள் முதல், எங்கள் வீட்டில் என் தம்பி அதைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. அவன் தரம் 9 இல் படிக்கிறான். 2025 ஜூலையில் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தின் கடைசியில், கிரிப்டோ என்ற நாயைத் திரும்பக் கூட்டிச் செல்வதற்காகக் குடிமயக்கத்தோடு வந்து சில நொடிகள் மட்டுமே நின்று போகும் அந்தப் பெண் யார், அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்கும் அதே கேள்வி இருக்கிறது.

இந்தப் படத்திற்கு அடிப்படையாக அமைந்தது டாம் கிங் எழுதி, பிரேசில் நாட்டுப் பெண் ஓவியரான பில்கிஸ் எவெலி வரைந்து, 2021 தொடக்கம் 2022 வரை எட்டு இதழ்களாக வெளிவந்த ‘சூப்பர்கேர்ள்: வுமன் ஒஃப் டுமாரோ’ என்ற சித்திரக்கதை என்பதை அறிந்தேன். கொழும்பில் வேலை செய்யும் என் மாமா அதன் தொகுப்பை வாங்கி அனுப்பியிருக்கிறார். புத்தகம் மேசை மேல் இருக்கிறது. இன்னும் நாங்கள் அதைத் திறக்கவில்லை. வாசித்துவிட்டுப் போனால் படம் முழுவதும் ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாய், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலும் போய்விடும் என்று என் தோழி எச்சரிக்கிறாள். வாசிக்காமல் போனால் பாதி விடயங்கள் பிடிபடாமலே போய்விடுமோ என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

எனவே இதை முன்பே வாசித்தவர்கள், முடிவை மட்டும் வெளியிடாமல், எனக்கு வழிகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படத்திற்கு முன் வாசிப்பதா, பின் வாசிப்பதா? பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது ஏற்ற கதையா? எல்லாவற்றிலும் மேலாக, இந்தக் கதையிலிருந்து எது திரைக்கு வந்தே தீர வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள்?

தலவாக்கலை ஆசிரியர் எழுதியது:

தங்கை, முன்பே வாசித்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புத்தகம் சிறந்ததா படம் சிறந்ததா என்ற வழக்கமான விவாதத்துக்குள் இந்தக் கதை அடங்காது.

கதையின் பெயர் சூப்பர்கேர்ளுடையது. ஆனால் கதையைச் சொல்பவள் அவள் அல்லள். ரூதி என்ற சிறுமியின் தந்தையை, ‘மஞ்சள் குன்றுகளின் கிரெம்’ என்று அழைக்கப்படும் ஒருவன் கொன்றுவிடுகிறான். அவன் விட்டுச் சென்ற வாளை எடுத்துக்கொண்டு, அதையே கூலியாகக் கொடுத்துப் பழி தீர்ப்பதற்கு ஓர் ஆளைப் பிடித்துவிடலாம் என்று அவள் மதுச்சாலைக்கு வருகிறாள். அதே மதுச்சாலையில்தான் காரா, அதாவது சூப்பர்கேர்ள், தன் இருபத்தோராவது பிறந்தநாளைக் குடித்துக் கழித்துக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் சூரியனின் கீழ் அவளுக்கு எல்லா ஆற்றல்களும் உண்டு என்பதால் மது அவளை ஒன்றும் செய்யாது. சிவப்புச் சூரியனின் கீழ் ஆற்றல்கள் போய்விடும், மதுவும் ஏறும். அதற்காகவே அவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். உங்கள் தம்பி கேட்ட கேள்விக்கு முதல் இதழின் முதல் சில பக்கங்களிலேயே பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் மற்ற ஏழு இதழ்களும்.

அங்கே நடக்கும் மோதலில் கிரெம் நச்சு அம்பால் கிரிப்டோவைத் தாக்கிவிட்டு, காராவின் விண்கலத்தையும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான். நாயைக் காப்பாற்றக் காராவுக்கு அவன் உயிரோடு வேண்டும். ரூதிக்கு அவன் உயிர் வேண்டும். இருவரும் ஒருவனையே துரத்துகிறார்கள், ஆனால் இருவரும் வேண்டி நிற்பது ஒன்றல்ல. கதையின் விசை முழுவதும் இந்த முரணில்தான் இருக்கிறது.

ரூதி இவை அனைத்தையும், தான் வளர்ந்து முதிர்ந்த பிறகு திரும்பிப் பார்த்து எழுதுகிறாள். அவளுடைய நடை பழைய காலத்து நடை: நீண்ட, பிடிவாதமான, பணிவும் பெருமிதமும் ஒருங்கே கொண்ட வாக்கியங்கள். ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில், அந்த வாக்கியங்களை உரக்கப் படித்து மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் காராவை அவளுடைய உள்ளத்திலிருந்து காண்பதே இல்லை. பக்கத்தில் நடந்துவரும் சிறுமியின் கண்களால்தான் காண்கிறோம். அந்தச் சிறுமிக்கு அன்று புரியாமல் போன ஒரு தயக்கம், ஒரு மௌனம், ஒரு கோபம் ஆகியவற்றின் பொருள் நமக்குப் புரிகிறது. காராவின் பெருந்தன்மையை எவரும் பாராட்டிப் பேசாமலேயே அது பக்கத்துக்குப் பக்கம் துலங்குகிறது. திரைப்படத்தில் கமரா நாயகியின் முகத்தையே நாடும் என்பதால், இந்தக் கோணம் அங்கே இழக்கப்படக்கூடும். ரூதியாக ஈவ் ரிட்லி நடிக்கிறார் என்று அறிவித்திருக்கிறார்கள். அவருடைய குரல் படத்தைச் சொல்லிச் செல்லுமா, அல்லது அவர் காப்பாற்றப்பட வேண்டிய ஒரு குழந்தையாக மட்டும் நின்றுவிடுவாரா என்பதே நான் மிக ஆவலோடு காத்திருக்கும் விடயம். புத்தகத்தை வாசித்திருந்தால்தான் இந்த வேறுபாட்டை நீங்கள் உணர முடியும்.

இன்னொன்று வண்ணம். எவெலியின் மெல்லிய கோடுகளுக்கு வண்ணம் தீட்டியவர் மத்தேயுஸ் லோப்பஸ். இந்தக் கதையில் வண்ணம் அலங்காரத்துக்காக வரவில்லை; சூரியனின் நிறம் மாறினால் நாயகியின் நிலையும் மாறுகிறது. மஞ்சள் வலிமை தருகிறது, சிவப்பு அதைப் பறிக்கிறது, பச்சைச் சூரியன் நஞ்சாகவே இருக்கிறது. ஆகவே ஓர் உலகத்தின் வானம் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதே அங்கு நிகழப்போவதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. அண்மைக்கால சாகச நாயகர் படங்கள் பலவற்றில் எல்லா உலகங்களும் ஒரே சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடப்பதைப் பார்த்துச் சலித்துவிட்ட எனக்கு, இந்தப் படம் அந்த வானங்களை நேர்மையாகக் காட்டினாலே போதும் என்று தோன்றுகிறது.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காரா குடிக்கிறாள், தகாத சொற்களைப் பேசுகிறாள், கொலைகளும் வருகின்றன. நீங்கள் உடனிருந்தால் தம்பி வாசிக்கலாம். மூன்றாம் இதழை மட்டும் கட்டாயம் சேர்ந்து வாசியுங்கள். நீலத் தோலினர் அமைதியாக வாழும் ஓர் அழகிய சிற்றூருக்கு இருவரும் வருகிறார்கள். முன்பு அதே ஊரில் ஊதாத் தோலினரும் அயலவர்களாக வாழ்ந்தார்கள். கொள்ளையர் வந்தபோது தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அந்த அயலவர்களை ஊரார் என்ன செய்தார்கள் என்பது மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. 1983 ஆடியைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஆனால் வாசித்து முடித்த பின் பேசுவதற்கு ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கண்டி திரை ஆர்வலன் எழுதியது:

ஆசிரியர் மூலக்கதையைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவர் தரும் ஆலோசனையை ஏற்க முடியவில்லை. சகோதரி, முதலில் படத்தைப் பாருங்கள்.

இந்தப் படம் எட்டு இதழ்களையும் அப்படியே படியெடுக்கப் போவதில்லை என்பதற்கு ஏற்கெனவே போதிய அடையாளங்கள் உண்டு. தொடக்கத்தில் மூலக்கதையின் முழுப் பெயரோடு அறிவிக்கப்பட்ட படம், பின்னர் நாயகியின் பெயரை மட்டும் தாங்கி நிற்கிறது. அச்சில் வந்த கதையில் இல்லாத லோபோ என்ற விண்வெளிக் கூலி வேட்டைக்காரனாக ஜேசன் மொமோவா நடிக்கிறார். ஆனால் டாம் கிங் இந்தக் கதையை முதலில் எண்ணிப் பார்த்தபோது லோபோவும் அதில் இருந்தான், பின்னரே அவனை விலக்கிவிட்டுக் காராவையே வழிகாட்டும் இடத்தில் நிறுத்தினார்கள். அதாவது படக்குழுவினர் புத்தகத்திற்கு முந்திய ஓர் எண்ணத்தையும் கையில் எடுத்திருக்கிறார்கள். எட்டு இதழ்களை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு போனால், லோபோ திரையில் தோன்றும் கணத்திலேயே அவன் அழையாமல் வந்தவனாகத் தெரிவான். வாசிக்காமல் போகும் உங்கள் தம்பிக்கு அவன் கதையில் ஒருவன், அவ்வளவுதான்.

கில்லெஸ்பி மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. 2017 இல் அவர் எடுத்த ‘ஐ, டோன்யா’ படத்தில், ஊரே தீர்ப்பெழுதிவிட்ட ஒரு பெண்ணை, அவளை நல்லவளாகக் காட்ட முயலாமலும் அவள் மீது இரக்கம் கேட்காமலும் நம் முன் நிறுத்தினார். காராவுக்கும் அத்தகைய இயக்குநர்தான் வேண்டும். கண்டிக்கு வந்து பெரிய திரையில் பாருங்கள். கைப்பேசியில் பிறகு வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஆசிரியர் சொன்ன அந்த வானங்கள் கைப்பேசிக்குள் அடங்காது.

பண்டாரவளை மூத்த வாசகர் எழுதியது:

மகள், இரண்டு தம்பிமாரும் சொன்னதை வாசித்தேன். என் பங்கிற்கு, இந்தப் பெண் எங்கிருந்து வந்தாள் என்பதைச் சொன்னால் உங்கள் தம்பியின் கேள்விக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

சூப்பர்மேன் 1938 இல் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்களின் கையில் பிறந்தான். அவனுடைய சிற்றப்பன் மகளான காரா 1959 மே மாதத்து இதழில், ஓட்டோ பைண்டரின் எழுத்திலும் அல் பிளாஸ்டினோவின் ஓவியத்திலும் வந்து சேர்ந்தாள். வந்த அன்றே அவளை ஓர் அநாதை இல்லத்தில் வேறு பெயரில் மறைத்து வைத்து, நான் சொல்லும் வரை உன் ஆற்றலை உலகம் அறியக் கூடாது என்று சூப்பர்மேன் பணித்துவிட்டான். உலகம் அவளை அறிய 1962 ஆகிவிட்டது. 1984 இல் ஹெலன் ஸ்லேட்டர் நடிக்க முதல் திரைப்படம் வந்து தோல்வியுற்றது. அடுத்த ஆண்டே சித்திரக்கதையில் அவளைச் சாகடித்துவிட்டார்கள், சூப்பர்மேனைக் காப்பாற்றும் போரில். இருவரும் பிறந்த, பின் அழிந்துபோன கோளான கிரிப்டனிலிருந்து பிழைத்தவன் அவன் ஒருவனே என்றிருக்க வேண்டும் என்று பதிப்பகத்தார் எண்ணியதால், 2004 வரை பழைய காரா முறையாகத் திரும்பி வரவில்லை. ஆக, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அவள் இன்னொருவனின் உறவுக்காரியாகவே இருந்தாள். டாம் கிங்கின் கதையை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், அதில் சூப்பர்மேன் இல்லாமலேயே அவள் முழு மனுஷியாக நிற்பதுதான்.

அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்று தம்பி கேட்கிறான் அல்லவா? 1959 இன் கதையிலேயே அதற்கு விடை விதைக்கப்பட்டிருக்கிறது. கிரிப்டன் வெடித்தபோது ஆர்கோ என்ற நகரம் மட்டும் மக்களோடு சேர்ந்து பெயர்ந்து விண்ணில் மிதந்தது. அதன் நிலமே நஞ்சாக மாறியபோது ஈயத் தகடுகளை விரித்து மூடி அதன் மேல் வாழ்ந்தார்கள். பிறகு விண்கற்கள் அந்தத் தகடுகளைத் துளைத்தன. பெற்றோர் அவளை மட்டும் அனுப்பி வைத்தார்கள். புதிய படவரிசையை 2023 ஜனவரியில் அறிவித்தபோது, ‘சூப்பர்மேன்’ படத்தை இயக்கிய ஜேம்ஸ் கன்னும் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: சூப்பர்மேன் கைக்குழந்தையாக வந்து அன்பான பெற்றோரிடம் வளர்ந்தவன்; காராவோ தன் வாழ்வின் முதல் 14 ஆண்டுகள், சுற்றியிருந்தோர் எல்லோரும் சாவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்.

இதை வாசித்தபோது என் அத்தையின் பிள்ளைகள்தான் என் நினைவுக்கு வந்தார்கள். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளித் தமிழர் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் அத்தை குடும்பமும் தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கோத்தகிரியில் போய்ச் சேர்ந்தது. மூத்த மகள் அப்போது விவரம் தெரிந்த பிள்ளை. இளையவன் இடுப்பில் இருந்தான். இளையவனுக்குக் கோத்தகிரிதான் ஊர், அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மூத்தவளோ இன்றைக்கும் தொலைபேசியில் பேசும்போது, மேட்டு லயத்தில் எங்கள் காம்பராவில் இப்போது யார் இருக்கிறார்கள், மாரியம்மன் கோயிலடியில் இருந்த பலாமரம் நிற்கிறதா என்று கேட்பாள். இழந்ததன் பட்டியல் அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. கிளார்க்குக்கும், அதாவது சூப்பர்மேனுக்கும், காராவுக்கும் இடையில் உள்ள தொலைவும் இதுதான். ஒருவனுக்குக் கிரிப்டன் கேள்விப்பட்ட கதை. மற்றவளுக்கு அது தெருக்களும் சமையல் மணமும் தாயின் குரலும் உள்ள இடம்.

ஆகவே நான் படத்தில் காத்திருப்பது ஆர்கோவுக்காக. காராவின் தந்தையாக டேவிட் குரும்ஹோல்ட்ஸும் தாயாக எமிலி பீச்சமும் நடிக்கிறார்கள் என்ற செய்தி எனக்கு ஆறுதல் அளித்தது. பெயர் பெற்ற நடிகர்களைத் தேர்ந்திருப்பதால் அந்தப் பகுதிக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள் என்று நம்புகிறேன். மூலத்தில் ஆறாம் இதழில்தான் அது விரிகிறது, அதுவரை காரா அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. படத்திலும் அவ்வளவு நேரம் பொறுத்திருந்து, பிறகு அவசரப்படாமல் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே இரண்டு நிமிடக் காட்சியாகக் காட்டி முடித்துவிட்டால், எஞ்சுவது ஒரு துரத்தல் மட்டுமே.

வாசிப்பதா பார்ப்பதா என்றால், நான் ஆசிரியர் பக்கம். சித்திரக்கதை என்பது கதை சொல்லும் படங்கள் மட்டுமல்ல. பக்கத்தைத் திருப்பாமல் ஒரே கட்டத்தில் நின்றுவிடும் உரிமை வாசகருக்கு உண்டு, திரையரங்கில் அது இல்லை. 1972 இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடான ‘இரும்புக்கை மாயாவி’ கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்த நிலையில் எனக்குக் கிடைத்தது. ஸ்பானிய ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகளில், நிழல் விழும் இடத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. எவெலியின் பக்கங்களிலும் அப்படி நிற்கலாம். தம்பிக்கு அதைப் பழக்குங்கள்.

கொட்டகலை வாசகி எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. பண்டாரவளை ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் பெரியப்பா குடும்பமும் கூடலூர்ப் பக்கம் போனவர்கள்தான். அதன் பிறகு, சாகச நாயகர் கதை சிறுபிள்ளைகளுக்கானது என்று சொல்லி வந்த அம்மாவே, அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

நேற்றிரவு முதல் இதழை நானும் தம்பியும் வாசித்து முடித்தோம். சேர், ரூதியின் ஆங்கிலம் நீங்கள் சொன்னபடியே கடினமாகத்தான் இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டோம். ஆனாலும் அவள் வாளைக் கூலியாக நீட்டும் இடத்தில் தம்பி பக்கத்தைத் திருப்ப விடவில்லை. கண்டி அண்ணா சொன்ன லோபோ விடயமும் மனதில் இருக்கிறது. அதனால் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. ஏழு இதழ்களைப் படத்திற்கு முன் வாசித்துவிட்டு, எட்டாவதை மட்டும் படம் பார்த்துவிட்டு வந்து வாசித்தால் என்ன? ரூதியின் பயணமும் ஆர்கோவும் எங்களுக்குத் தெரிந்திருக்கும். கிரெம்மை அவர்கள் இறுதியில் என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் இருக்கும். இப்படிச் செய்வதில் ஏதும் கெடுதல் உண்டா?

தலவாக்கலை ஆசிரியர் எழுதியது:

ஒரு கெடுதலும் இல்லை, தங்கை. நான் சொன்னதைவிட இது நல்ல ஏற்பாடு. எட்டாம் இதழில் நிகழ்வது ஒரு சண்டையின் வெற்றி தோல்வி அல்ல, ஒரு முடிவெடுப்பு. வாள் யார் கையில் இருக்க வேண்டும், அது இறங்க வேண்டுமா என்ற கேள்விக்கு இருவரும் தரும் விடை அது. படக்குழுவினர் அதே விடையைத் தருவார்களா என்பது எவருக்கும் தெரியாது; கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் கோடைகாலப் படத்திற்கு ஓசை மிக்க இறுதி வேண்டும் என்று நினைத்து மாற்றியிருக்கவும் கூடும். நீங்கள் திரையின் முடிவைக் கண்டு, பிறகு எவெலியின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தால், இரண்டையும் ஒன்றுக்கொன்று கடன்படாமல் எடைபோட முடியும். கண்டித் தம்பிக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும். ஏழாம் இதழ் நிற்கும் இடத்தில் எந்தப் பதினான்கு வயதுப் பிள்ளையாலும் புத்தகத்தை மூடி வைக்க முடியாது. அதை முடித்த அன்றே தொகுப்பை உங்கள் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். படம் பார்த்து வந்த பிறகு, எட்டாம் இதழை அம்மாவுக்கும் தமிழில் சொல்லிச் சொல்லி மூவருமாக வாசியுங்கள்.